கடைமடை வரைக்கும்: இருதயத்தை ஒப்புக்கொடுப்பது எப்படி

கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி ராத்திரி, "முழு இருதயத்தையும் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்பார்கள், கீபோர்டு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் அத்தை விசும்பிக்கொண்டிருப்பார், நாமும் எழுந்து நிற்போம். நான் ஏழெட்டு முறை நின்றிருக்கிறேன். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் மறுநாள் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் "சரி, எதைக் கொடுத்தீர்கள்?" என்று யாராவது கேட்டிருந்தால் "எல்லாத்தையும்" என்றுதான் சொல்லியிருப்பேன். எல்லாம் என்று சொல்வது சுலபம், அதில் எதன் பெயரும் இல்லை.

நாங்கள் திருவாரூர் பக்கம், ஆற்றுப் பாசனத்தில் கிட்டத்தட்ட கடைசி, அதைத்தான் கடைமடை என்போம். ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறந்து பூத்தூவுவதை டிவியில் காட்டுவார்கள், சில நாளில் கல்லணையும் திறக்கும், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து ஓடும். செய்தியைப் பொறுத்தவரை டெல்டாவுக்குத் தண்ணீர் வந்தாயிற்று. எங்கள் வயலில் வெடிப்பு அப்படியே இருக்கும். வாய்க்கால் தூர்ந்திருக்கும், இல்லையென்றால் நடுவில் எவராவது மடையை அடைத்திருப்பார். கன்வென்ஷன் பந்தலில் நான் எழுந்து நின்றதெல்லாம் மேட்டூர் திறப்புதான். கடைமடைக்கு எதுவும் வரவில்லை. "ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப்போலிருக்கிறது" என்று நீதிமொழிகள் 21-ல் முதல் வசனம் இருக்கிறது. வயற்காட்டுக்காரனுக்கு அதற்கு வியாக்கியானம் தேவையில்லை.

அதனால் முதல் வேலை, ஒரு தாள் எடுங்கள். கர்த்தர் கை வைத்துவிடக்கூடாது என்று நீங்கள் உள்ளுக்குள் நினைக்கிறவற்றை எழுதுங்கள். பெருமை, கோபம், உலக ஆசை என்றெல்லாம் எழுதாதீர்கள், அது பிரசங்கக் குறிப்பு. "தெற்கு வரப்பு", "கூட்டுறவு வங்கி நகைக்கடன்", "மகளுக்கு அந்தப் பையன் வேண்டாம்" என்று பெயர் சொல்லி எழுதுங்கள். என்ன எழுதுவது என்று தெரியவில்லையா, ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் மனசு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். எந்தப் பேச்சை எடுத்தால் உங்கள் குரல் உயர்கிறது, எந்தப் பெயரைக் குடும்ப ஜெபத்தில் வருஷக்கணக்காகத் தாண்டிப் போகிறீர்கள், அதுவும் அடையாளம்தான். எழுதுவதற்கு முன் சங்கீதம் 139-ல் தாவீது கேட்டதையே கேளுங்கள்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." கேட்டுவிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் நமக்கு வராது, உடனே ஒரு பாட்டை எடுத்துவிடுவோம்.

என் தாளில் முதல் வரி அண்ணன். பாகம் பிரித்தபோது வரப்பு அரையடி என் பக்கம் நகர்ந்துவிட்டது என்பது என் கணக்கு, நகரவே இல்லை என்பது அவர் கணக்கு. ஒன்பது வருஷம் பேச்சு இல்லை. இதில் வேடிக்கை, அந்த ஒன்பது வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் காணிக்கைப் பையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனவன் நான்தான். உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் அவனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இருப்பது எனக்கு மனப்பாடம்.

தாள் ஆனபிறகு ஜெபம். ஒவ்வொரு வரியாக, வாய்விட்டு. ஆசையே இல்லாதவர் மாதிரி ஜெபிக்காதீர்கள். கெத்செமனேயில் இயேசுவே முதலில், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்றுதான் கேட்டார், அப்புறம்தான் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். அவருக்கே மூன்று முறை. உங்களுக்கு முப்பது முறை ஆனால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, மகனுக்கு இந்த விசா கிடைக்க வேண்டும், எனக்கு அது ரொம்ப வேண்டும், கிடைக்காமல் போனாலும் நீர் எனக்கு ஆண்டவர்தான்" என்று இரண்டு பாதியையும் சொல்லுங்கள். முதல் பாதியோடு நிறுத்தினால் அது விண்ணப்பம், அதுவும் நல்லதுதான். "கிடைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன்" என்று சேர்த்தால் நேர்த்திக்கடன். ஒப்புக்கொடுப்பது இந்த இரண்டும் இல்லை, விலை பேசாமல் கையை விடுவது.

விட முடியவில்லை என்றால்? முடியவில்லை என்றே சொல்லுங்கள். அப்போஸ்தலர் 5-ல் அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு முழுசும் கொடுத்ததாகக் காட்டினார்கள். விற்கும் முன்பு அது உன்னுடையதாகவே இருந்ததல்லவா என்றுதான் பேதுரு கேட்கிறார். அவர்கள் மாட்டியது வைத்துக்கொண்ட பணத்தில் இல்லை, 'முழுசும்' என்ற பொய்யில். அதற்குப் பதில் மாற்கு 9-ல் ஒரு தகப்பன் கதறினானே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று, அந்த அரைகுறை ஜெபத்துக்கு அவன் பிள்ளை பிழைத்தான்.

ஜெபத்தோடு விட்டுவிடாதீர்கள், ஒரு வாரத்துக்குள் அந்த வரிக்கு ஏதாவது ஒரு காரியம் செய்யுங்கள். இயேசுவைச் சந்தித்த வரிவசூல்காரன் சகேயு பாட்டுப் பாடவில்லை, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப என்று கணக்குச் சொன்னான். நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆறு நாள் தினமும் போட்டேன், ஏழாவது நாள் எடுத்து, "தண்ணி வந்துடுச்சாடா ஒங்க பக்கம்?" என்றார். வரப்பைப் பற்றி இன்றுவரை இருவரும் பேசவில்லை, அது இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஒப்புக்கொடுப்பது கர்த்தருக்கு, மைக் பிடித்தவருக்கு இல்லை. நிலப் பத்திரத்தைக் கொண்டுவா, சுகர் மாத்திரையை நிறுத்து, அடிக்கிற புருஷனைச் சகித்துக்கொள், இதுதான் அர்ப்பணிப்பு என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கொடுத்துவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஒப்புக்கொடுத்தவர் தென்னையும் விழுந்தது, கொடுக்காதவர் தென்னையும் விழுந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்குவை இரண்டே வருஷத்தில் டேனிஷ் கோட்டைத் தளபதி பிடித்து உள்ளே போட்டார், நான்கு மாதம். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான் என்பதை நினைக்க வேண்டும். வெளியே வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது, 1719-ல் 36 வயதில் செத்தும் போனார்.

அப்புறம், திரும்ப முளைக்கும். வாய்க்காலில் நெய்வேலி காட்டாமணக்கை வெட்டிக் கரையிலேயே போட்டால் அந்தக் குச்சியே வேர்விட்டுவிடும், வெட்டினவருக்குத் தெரியும். கொடுத்த கவலையும் அப்படித்தான், புதன்கிழமையே கையில் இருக்கும். "அய்யோ, என் அர்ப்பணிப்பே பொய்" என்று அடுத்த கன்வென்ஷன் வரை காத்திருக்காதீர்கள், அந்த ஒரு வரியை மட்டும் திரும்பச் சொல்லுங்கள், வாயை அடக்கத் தெரிந்த ஒரே ஒருவரிடம் தாளைக் காட்டி வையுங்கள். நான் வருஷத்துக்கு ஒரு தாள் எழுதுகிறேன், மேட்டூர் திறக்கிற வாரத்தில், தூர்வாருகிற நாளிலேயே அதுவும் ஆகட்டும் என்று. இந்த வருஷத் தாளில் அண்ணன் பெயர் இல்லை. முதல் வரி மகனின் விசா, அதை இன்னும் முழுசாக விட முடியவில்லை.