குளத்தில் கல்வாழை: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

போன மாதம் நண்பரின் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். புதிதாகக் கட்டிய தோட்டக் குளம், கரையெல்லாம் கூழாங்கல். நடுவில் நான்கு கல்வாழைகள் பழுப்பேறிச் சாய்ந்து கிடந்தன. "தண்ணீரிலேயே வளரும் என்றுதானே சொன்னார்கள் மாமா, ஏன் அழுகுகிறது?" என்று கேட்டிருந்தாள். படத்தைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. என் முதல் குளத்தில் ஏழு கிழங்குகளை நான் இழந்தது இதே வழியில்தான்.

வருடத்துக்கு நாலைந்து பேராவது இப்படி ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். வெயில் வேண்டும், வாடிய பூவைக் கிள்ள வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரியாமல் செய்து செடியை இழப்பவை மட்டும் இங்கே.

எல்லாக் கல்வாழையும் ஒன்று என்று நினைப்பது

கல்வாழையின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். அங்கே சதுப்பிலேயே வளர்ந்து பழகிய இனங்கள் உண்டு. கன்னா கிளாக்கா (கன்னா என்பது கல்வாழையின் அறிவியல் பெயர்) அப்படிப்பட்டது: ஒடுங்கிய, நீலச் சாம்பல் பூத்த இலை, மஞ்சள் பூ. கன்னா ஃபிளாசிடா இன்னொன்று. பென்சில்வேனியாவின் லாங்வுட் தோட்டத்தில் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் கிளாக்காவைத் தோட்ட ரகங்களோடு இணைத்து நான்கு நீர் ரகங்களை உருவாக்கினார். எண்டெவர் சிவப்பு, எரபஸ் இளஞ்சிவப்பு, ரா மஞ்சள், டேனி ஆரஞ்சு. இந்த வகைகள் மண்ணுக்கு மேல் 15 சென்டிமீட்டர் வரை தண்ணீர் நின்றாலும் தாங்கும்.

அகன்ற இலையும் பெரிய பூவுமாக நிலத்தில் வளர்க்கும் ரகங்கள் வேறு. அவற்றையும் குளத்தில் வளர்க்கலாம், நான் வளர்க்கிறேன். ஆனால் மண்ணுக்கு மேல் 5 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் ஏற விடுவதில்லை. ரகத்தின் பெயர் தெரியாவிட்டால் நில ரகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக் கிழங்கை நேரே தண்ணீரில் இறக்குவது

இதுதான் அந்தப் பெண் செய்தது. நானும் செய்தது. இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் புதிதாக வளர்ப்பவர்கள் மேல் இல்லை. "தண்ணீர்ச் செடி, அப்படியே போடுங்கள்" என்று கிழங்கைக் கையில் கொடுத்து அனுப்புகிறவர்கள் மேல்.

நான் செய்ததைச் சொல்கிறேன். குளிர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. உறங்கிக்கொண்டிருந்த கிழங்குகளை, முளை விடுவதற்கு முன்பே தொட்டிகளில் நட்டு, ஒரு முழ ஆழத்தில் வரிசையாக இறக்கினேன். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது வாரம் தண்ணீரிலிருந்து முட்டை அழுகின வாடை. தொட்டியைத் தூக்கிக் கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்தினேன். தோல் பிய்ந்து பழுப்பு நிறச் சாறு வழிந்தது. ஏழும் அப்படியே. செடி போனதோடு நிற்கவில்லை. அந்த அழுகல் கலந்த தண்ணீரில் இரண்டு மீன்களும் செத்தன. பாதிக் குளத்தை இறைத்துப் புதுத் தண்ணீர் விட வேண்டியிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? வேரும் கிழங்கும் உயிரோடிருக்க ஆக்ஸிஜன் வேண்டும். தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய 10,000-ல் ஒரு பங்குதான். அப்படியானால் சதுப்புச் செடி எப்படிப் பிழைக்கிறது? இலையிலிருந்து தண்டு வழியாக வேர் வரைக்கும் காற்று இறங்கிப்போக உள்ளுக்குள் இடைவெளிகள் இருக்கின்றன. தண்ணீர்ச் செடியின் தண்டைக் குறுக்கே வெட்டினால் பஞ்சு போலத் தெரிவது அதுதான். இலையே இல்லாத கிழங்குக்கு மேலிருந்து காற்றை வாங்க வழி கிடையாது. இலை இருந்தாலும், உலர்ந்த மண்ணில் வளர்ந்த வேரில் இந்த இடைவெளி குறைவு. தண்ணீருக்கு ஏற்ற புது வேர்களை அது விட வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

அதனால் நான் இப்போது செய்வது இது. கிழங்கைக் கண் மேலே பார்க்கும்படி வைத்து, இரண்டு விரல் மண் மூடி, குளத்துக்கு வெளியே வெயிலில் வைக்கிறேன். மண் ஈரமாக இருக்கும், சேறாக இருக்காது. மூன்று இலை நன்றாக விரிந்த பிறகு தொட்டியை ஒரு அகலமான பேசினில் வைத்து, தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விடுகிறேன். ஒரு வாரம். அப்புறம் மண் மட்டத்துக்கு. இன்னொரு வாரம். இதற்குள் நடுவில் புது இலை சுருளவிழ்ந்தால் செடி பழகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகே குளம். அங்கும் தொட்டிக்கு அடியில் செங்கல் அடுக்கி, சில நாளுக்கு ஒரு கல்லாக எடுத்து இறக்குகிறேன். இலைக் குருத்து ஒரு நாள்கூடத் தண்ணீருக்கு அடியில் போகக் கூடாது.

நடுக்குருத்து வளராமல் நின்றாலோ, அடியிலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சடசடவென்று மஞ்சளானாலோ ஒரு கல்லைத் திரும்ப வையுங்கள். இறக்கியது அவசரம் என்று செடி சொல்கிறது. குளத்துத் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் பருவத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் வளர்ச்சி நின்றுபோகும், அழுகல் நிற்காது.

கடையில் குளச்செடி என்று பெயர் ஒட்டி விற்பதையும் இப்படித்தான் பழக்க வேண்டும். விற்பதற்கு முந்தின நாள்வரை அது நின்றது உலர்ந்த கலவையிலா, தண்ணீரிலா என்று கேளுங்கள். பதில் தெரியவில்லையா, உலர்ந்ததில் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தவறால் மொத்தச் செடியும் போய், "கல்வாழை குளத்துக்கு ஆகாது" என்று முடிவுகட்டி ஒதுங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். அதைக் கேட்கும்போது மனசு ஆறுவதில்லை.

மாடித்தோட்டக் கலவையை நிரப்புவது

தேங்காய் நார்க்கழிவு, பெர்லைட், மண்புழு உரம் கலந்த லேசான மண் மாடிக்கு அருமை. தண்ணீரில் இறக்கினால் பாதி மிதக்கும், மீதி அழுகும். கல்வாழைக்குக் கனமான தோட்டத்து மண் வேண்டும். களிமண் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. மேலே இரண்டு விரல் சரளை பரப்புங்கள், இல்லையென்றால் மீன்கள் மண்ணைக் கிளறிக் குளத்தைக் கலக்கிவிடும். தொட்டியும் அகலமாக இருக்கட்டும். ஆளுயரச் செடி காற்றில் ஆடும்போது சின்னத் தொட்டி குப்புறக் கவிழ்ந்துவிடும்.

செயற்கை அருவி நேராக விழும் இடத்திலும் வைக்காதீர்கள். ஒரு மாதத்தில் மண் முழுக்கக் கரைந்து, கிழங்கு வெளியே தெரியும்.

உரத்தைத் தண்ணீரில் தூவுவது

பாசிதான் வளரும். உர வில்லையை வேருக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் அழுத்துங்கள்.

பூச்சிமருந்து அடிப்பது

இலைச்சுருட்டுப் புழுவைக் கையால் எடுத்து நசுக்குங்கள். பைரெத்ராய்டு வகை மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொன்றுவிடும்.

தொட்டி இல்லாமல் குளத்து அடியில் நடுவது

வாழையைப் போலவே இதுவும் பக்கக்கன்று விட்டுக்கொண்டே போகும். இயற்கையாகத் தெரியட்டும் என்று குளத்தின் அடி மண்ணில் ஒருமுறை நட்டேன். மூன்றாம் வருடம் ஒரு மூலை முழுக்க அதுதான். அல்லிக்கு இடமே இல்லை. கிழங்குகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால் பெயர்த்து எடுக்க இரண்டு நாள் பிடித்தது, குளத்து விரிப்பும் கிழிந்தது. தொட்டியில் வைத்தாலும் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நட வேண்டும். விட்டால் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விடும்.

இலையில் கோடு விழுவதை அழகு என்று நினைப்பது

சில ரகங்களுக்கு இயற்கையாகவே வரி இருக்கும். அது நரம்பை ஒட்டி ஒழுங்காக ஓடும். திட்டுத்திட்டாக மஞ்சள், உடைந்த கோடுகள், முறுக்கிய இலை, குள்ளமான தண்டு இருந்தால் வைரஸ் என்று சந்தேகப்படுங்கள். கல்வாழை மஞ்சள் தேமல் வைரஸ் இப்படித்தான் காட்டும். மருந்து கிடையாது. கிழங்கைப் பிரித்து நட்டால் நோயும் கூடவே போகும். அந்தச் செடியைத் தண்ணீரில் விட்டுவைக்காமல் முழுதாக அப்புறப்படுத்துங்கள். கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள். வாங்கும்போதே இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது என் வழக்கம்.

வெட்டியதைத் தண்ணீரில் விடுவது

தண்ணீரிலிருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கல்வாழை நன்றாக உறிஞ்சும். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செயற்கைச் சதுப்புகளில் இதை நடுவது அதனால்தான். ஆனால் பழுத்த இலை தண்ணீரிலேயே விழுந்து மக்கினால், உறிஞ்சியதெல்லாம் திரும்பக் குளத்துக்கே வந்துவிடும். பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது. அடியோடு வெட்டி வெளியே எடுங்கள்.

விதைக்காயையும் முற்ற விடாதீர்கள். தென்னாப்பிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் கல்வாழை களையாகப் பரவியிருக்கிறது. குளத்து உபரிநீர் ஓடைக்குப் போகிற இடமென்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

குளிர்காலத்தில் எல்லாவற்றையும் உலர்த்துவது

உறைபனி விழாத இடத்தில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். உறைபனி விழும் இடத்தில் இலை கருகியதும் தொட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். நில ரகத்தின் கிழங்கு தடித்தது. மண்ணை உதிர்த்து, லேசாக உலர்ந்த நார்க்கழிவில் வைத்தால் தாங்கும். நீர் ரகங்களின் கிழங்கு மெல்லியது, நீளமாக ஓடுவது. அதே மாதிரி உலர வைத்தால் சுருங்கிச் செத்துவிடும். அவற்றை ஈர மண்ணோடு தொட்டியிலேயே, பனி தொடாத உள்ளிடத்தில் வையுங்கள்.

அழுகியது என்று முழுவதையும் எறிவது

அந்தப் பெண்ணை நான்கு கிழங்குகளையும் எடுத்து அறுத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு உள்ளே வரை கூழ். மற்ற இரண்டில் ஒரு நுனியில் வெள்ளைச் சதையும் ஒரு கண்ணும் மிச்சம் இருந்தன. பழுப்பு துளியும் இல்லாத இடம் வரை வெட்டி, வெட்டுவாயை ஒரு நாள் நிழலில் ஆறவைத்து, ஈர மண்ணில் நடச் சொன்னேன். நேற்று ஒன்றில் முளை தெரிகிறது என்று சொன்னாள். குளத்தில் எப்போது வைக்கலாம் என்பதுதான் அடுத்த கேள்வி. மூன்றாவது இலை விரியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.