குவாண்டம் விவாதங்களில் ‘நிரூபணமாகிவிட்டது’ என்று சொல்லுமுன்

2022ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஆலன் ஆஸ்பே, ஜான் கிளவுசர், ஆன்டன் ஸைலிங்கர் ஆகிய மூவருக்கும் அறிவிக்கப்பட்டதும், ‘உலகம் மெய்யல்ல என்று நிரூபணமாகிவிட்டது’ என்ற தொனியில் எழுத்துகள் வரிசைகட்டி வந்தன. அவர்கள் நிரூபித்தது அதுவல்ல. குவாண்டம் இயற்பியலின் அடித்தளங்களைப் பற்றிப் பேசும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன: ஒரு சோதனை எந்த அனுமானத்தை உடைத்தது என்று கேட்காமலே முடிவுக்குத் தாவிவிடுகிறோம்.

முதலில் செருப்புக் கதை. பின்னிப் பிணைந்த இரு துகள்களை, அதாவது ஒன்றின் விடை மற்றதன் விடையோடு தொடர்புபட்டிருக்கும் துகள்களை, ஒரு ஜோடிச் செருப்பைப்போல விளக்குவது பலருக்கு வழக்கம். இடக்கால் செருப்பு ஒரு பெட்டியில், வலக்கால் செருப்பு மற்றொன்றில். ஒன்றைத் திறந்தால் மற்றதில் இருப்பது தெரிந்துவிடும், இதில் என்ன அதிசயம்? இரு பக்கமும் ஒரே மாதிரி அளக்கும்வரை இந்த விளக்கத்தில் குறையே இல்லை. ஆளுக்கு இரண்டு விதமாக அளக்கலாம் என்று வைத்தவுடன் அது சறுக்குகிறது. இயற்பியலாளர் ஜான் பெல் 1964இல் கண்டது இதைத்தான். அதற்கு 1969இல் கிளவுசரும் உடனிருந்த மூவரும் கொடுத்த வடிவத்தைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

இடப்பக்க ஆய்வகத்தில் இ1, இ2 என்று இரண்டு அளவீடுகள். வலப்பக்கத்தில் வ1, வ2. எதை அளந்தாலும் விடை +1 அல்லது −1. துகள் கிளம்பும்போதே நான்கு விடைகளும் செருப்பைப்போல முடிவாகியிருந்தால், இந்தக் கணக்கைப் பாருங்கள்:

இ1 × (வ1 + வ2) + இ2 × (வ1 − வ2)

வ1, வ2 இரண்டும் சமமென்றால் இரண்டாவது அடைப்பு பூஜ்யம். சமமில்லை என்றால் முதலாவது பூஜ்யம். மிஞ்சும் அடைப்பு +2 அல்லது −2. ஆக, ஒவ்வொரு ஜோடிக்கும் மொத்தம் +2 அல்லது −2தான். எத்தனை லட்சம் ஜோடிகளை அனுப்பினாலும் சராசரி 2ஐத் தாண்ட வழியில்லை. ஒரே ஜோடியில் நான்கையும் அளக்க முடியாது என்பதால், ஒவ்வொரு முறையும் பக்கத்துக்கு ஓர் அளவீட்டைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, பல ஜோடிகளிலிருந்து சராசரிகளைத் திரட்டுவார்கள். குவாண்டம் கோட்பாடோ 2.83 வரை போகலாம் என்கிறது. நோபல் பெற்ற மூவரும் சோதித்தது இந்த மோதலைத்தான். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரத் துண்டுகளுக்குள் இருந்த எலக்ட்ரான்களை வைத்து 245 முறை அளந்தார்கள். கிடைத்தது 2.42.

இனிதான் நிதானம் வேண்டும். இந்தக் கணக்குக்குள் மூன்று அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. தொலைவில் எதை அளக்கிறார்கள், என்ன விடை கிடைக்கிறது என்பவை இங்குள்ள விடையை ஒளியைவிட வேகமாக வந்து பாதிக்காது. எதை அளப்பது என்ற தேர்வுக்கும் துகளின் நிலைக்கும் முன்தொடர்பு இல்லை. ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரே ஒரு விடைதான் நிகழ்கிறது. மூன்றில் ஒன்றாவது போயாக வேண்டும். எது என்று சோதனை சொல்லவில்லை. டேவிட் போம் 1952இல் கட்டிய கோட்பாடு முதலாவதைக் கைவிடுகிறது; அதில் துகள்களுக்கு எப்போதும் திட்டமான இடம் உண்டு. எல்லா விடைகளும் வெவ்வேறு உலகங்களில் நிகழ்கின்றன என்று ஹியூ எவரெட் 1957இல் முன்வைத்த ‘பல உலகங்கள்’ பார்வை மூன்றாவதைக் கைவிடுகிறது. இரண்டாவதைக் கைவிடுவோரும் உண்டு. 780 கோடி ஆண்டுகளுக்கு முன்பே குவேசாரிலிருந்து (மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலத்தின் பிரகாசமான மையம்) கிளம்பிய ஒளியைக் கொண்டு அளவீட்டைத் தேர்ந்தெடுத்த சோதனை ஒன்று 2018இல் வெளியான பிறகு, அந்த வழி எனக்கு மிகவும் செயற்கையாகத் தோன்றுகிறது. ஆனால் எனக்குப் பிடிக்காதது வேறு, பொய்யென்று நிறுவப்படுவது வேறு. ‘மறைமாறிகள் (விடைகளை முன்கூட்டியே முடிவுசெய்யும் மறைந்த விவரங்கள்) ஒழிந்தன’, ‘குவாண்டம் கோட்பாடு முழுமையல்ல என்ற ஐன்ஸ்டைன் முழுக்கத் தோற்றார்’ என்று எழுதுவோர் முதல் இரண்டு அனுமானங்களைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டே எழுதுகிறார்கள்.

இதையே பிடித்துக்கொண்டு ‘ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம்’ என்பதும் வேண்டாம். இடப்பக்கத்தில் எதை அளந்தாலும் வலப்பக்கத்தில் பார்ப்பவருக்கு +1, −1 பாதிக்குப் பாதிதான். இரு பட்டியல்களையும் சாதாரண வழியில் ஒன்றுசேர்த்து ஒப்பிட்டால்தான் தொடர்பே கண்ணில் படும்.

அடுத்தது ‘மனிதர் பார்த்தால்தான் துகள் மாறும்’ என்ற நம்பிக்கை. 2004இல் வியன்னாவில் நடந்த சோதனை இதற்கு நல்ல மருந்து. 70 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ மூலக்கூறுகளைக் கம்பிச் சட்டங்களின் வழியே செலுத்தினால், அலைகளைப்போலக் குறுக்கிட்டுப் பட்டைகளை உண்டாக்கும். அவற்றை வழியிலேயே லேசரால் சூடேற்றினார்கள். சூடான மூலக்கூறு தானே ஒளியை உமிழும். எந்தப் பாதையில் போகிறது என்ற தகவல் அந்த ஒளியோடு வெளியேறிவிடும். சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கின. உமிழ்ந்த ஒளியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. மனத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இதைப் புரிந்துகொண்டவர்கள் எதிர்ப்பக்கம் சாய்வதும் உண்டு: ‘சூழலோடு கலந்தால் அலைத்தன்மை மறைந்துவிடும், அளவீட்டுப் புதிர் தீர்ந்தது’ என்பார்கள். பட்டைகள் ஏன் மறைகின்றன என்பதற்கே அது பதில். பல வாய்ப்புகளில் இந்த ஒன்று ஏன் நடந்தது என்பதற்குப் பதில் அதில் இல்லை. படித்தவர்கள் செய்யும் தவறு என்பதால் இதைத் திருத்துவதுதான் கடினம்.

பெரிய பெயரைக் கண்டு அனுமானத்தைச் சோதிக்காமல் விடுவது இன்னொரு பழைய வியாதி. மறைமாறிக் கோட்பாடு சாத்தியமே இல்லை என்று 1932இல் புகழ்பெற்ற கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் ஒரு நிரூபணம் தந்தார். அதிலுள்ள ஓர் அனுமானம் காரணமின்றி நுழைந்திருக்கிறது என்று 1935இலேயே ஜெர்மனியின் கிரேட்டே ஹெர்மன் எழுதினார். கண்டுகொண்டவர்கள் மிகச் சிலர். போமின் கோட்பாடு வந்து, அதே ஓட்டையை 1966இல் பெல் எடுத்துக் காட்டிய பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

நிச்சயமின்மைக் கோட்பாட்டை ‘அளக்கும்போது துகளைத் தட்டிவிடுகிறோம்’ என்று மட்டும் விளக்காதீர்கள். பாடநூலில் உள்ள சமன்பாடு, 1927இல் கென்னார்டு நிறுவியது, அளவீட்டுக் கலக்கத்தைப் பற்றியதே அல்ல; ஒரே நிலையில் தயாரித்த துகள்களில் இடமும் உந்தமும் எவ்வளவு பரவியிருக்கும் என்பதைச் சொல்வது. கலக்கத்துக்கான கணக்கு தனி. ஜப்பானின் ஒஸாவா 2003இல் அதற்கு ஒரு சமன்பாடு தந்தார். ஷ்ரோடிங்கர் தன் கற்பனைச் சோதனையில் பெட்டிக்குள் அடைத்த பூனையைப் பொறுத்தவரை ஒரு வரி போதும்: பூனை உயிரோடும் செத்தும் இருக்கிறது என்று நம்பி அவர் 1935இல் அதை எழுதவில்லை, அப்படிச் சொல்லவேண்டி வருவது அபத்தம் என்று காட்டவே எழுதினார்.

கடைசியாக, ‘எல்லா விளக்கங்களும் ஒரே விடையைத்தான் தருகின்றன, ஆகவே இது வெறும் தத்துவச் சண்டை’ என்ற சலிப்பு. போம், எவரெட் விஷயத்தில் இதில் ஓரளவு நியாயம் உண்டு. எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அலைச்சார்பு (துகளின் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பு) பல வாய்ப்புகளிலிருந்து ஒன்றுக்கு உண்மையிலேயே தானாகச் சரிகிறது என்று சொல்லும் கோட்பாடுகள் வேறு விடைகளைக் கணிக்கின்றன. அந்தச் சரிவில் மின்னூட்டமுள்ள துகள்கள் சற்றே உலுக்கப்பட்டு மெல்லிய கதிர்வீச்சு வெளிவரவேண்டும். இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் உள்ள ஆய்வகத்தில் ஜெர்மானியம் உணர்கருவியை வைத்து அதைத் தேடினார்கள். எதிர்பார்த்த அளவு கதிர்வீச்சு வரவில்லை. ஈர்ப்பே அலைச்சார்பைச் சரிக்கிறது என்னும் டியோஸி–பென்ரோஸ் கருத்தின் மிக எளிய வடிவம் 2020இல் அத்தோடு விழுந்தது. சற்றே திருத்திய வடிவங்கள் இன்னும் களத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு இன்னும் நுட்பமான கருவிகள் வேண்டும்.