‘கட்’ சொல்லாமல் ஒரு சிரிப்புப் படம்: கைப்பேசியில் ஒரே ஷாட்டில் எடுப்பது எப்படி?

பதினோராவது நிமிடத்தில் பெரியம்மாவின் கையிலிருந்த காபி டம்ளர் நழுவி, திண்ணைப் படிகளில் டணார் டணாரென்று உருண்டு, தெருவில் போய் நின்றது. நான் கேமராவை நிறுத்திவிட்டேன். எங்கள் படத்தில் மைக் செட்காரராக நடித்தவர் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேடம், அதாவது கதையை நடத்திச் செல்கிற கோமாளி வேடம் கட்டுகிற மாமா. அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “மாப்பிள்ளை, டம்ளர் விழுந்த பிறகுதானே விளையாட்டே ஆரம்பம்? அதற்குள் நிறுத்திவிட்டீர்களே!”

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். 14 நிமிடம் ஓடும் ஒரு நகைச்சுவைப் படத்தை ஒரே ஷாட்டில், அதாவது கேமராவை நடுவில் நிறுத்தாமல், ஒரே கைப்பேசியில் எடுத்தோம். வீட்டில் நடிக்க நடிக்க, ஊர்த் திடலில் திரையாகக் கட்டிய வெள்ளை வேட்டியில் அது நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது முறைதான் உருப்படியாக வந்தது. முதல் நான்கு முறை பட்ட பாட்டை எழுதினால் உங்களுக்கு இரண்டு மூன்று முறையாவது மிச்சமாகும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஷாட் என்பது பழைய ஆசை. பிலிம் சுருள் காலத்தில் அதற்கு வழியில்லை; 1000 அடிச் சுருள் சுமார் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். டிஜிட்டல் வந்த பிறகுதான் முழுப் படத்தையும் மூச்சுவிடாமல் எடுக்க முடிந்தது. தமிழில் பார்த்திபனின் ‘இரவின் நிழல்’ 2022-இல் வந்தது. ஆனால் எங்களைத் தூண்டியது வேறொன்று. ஹாலிவுட் நடிகர் உட்டி ஹாரல்சன் 2017 ஜனவரியில் ‘லாஸ்ட் இன் லண்டன்’ என்ற நகைச்சுவைப் படத்தை எழுதி, இயக்கி, நடித்தார். லண்டனில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு ஒரே கேமரா கிளம்பியது. அது பார்த்ததையெல்லாம் அமெரிக்காவில் 500-க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் அந்த நேரத்திலேயே மக்கள் பார்த்தார்கள். லண்டன் டாக்சி ஒன்றில் சாம்பல் கிண்ணத்தை உடைத்து அவர் போலீசில் மாட்டிக்கொண்ட சொந்தக் கதைதான் படம். அவரிடம் பணமும் படையும் இருந்தன. நம்மிடம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

முதல் படி: ‘மறுநாள்’ என்ற சொல்லே வராத கதை

வெட்டு இல்லையென்றால் காலத்தைத் தாண்ட முடியாது. 14 நிமிடப் படத்தில் 14 நிமிடத்தில் நடந்து முடிகிற சங்கதிதான் இருக்க வேண்டும். எங்கள் கதை இதுதான்: காதுகுத்து வீடு. மைக் செட்காரர் மைக்கை அணைக்காமல் சாப்பிடப் போய்விடுகிறார். உள்ளே பெண்கள் தாய்மாமன் கொண்டுவந்த சீரைப் பற்றிப் பேசுவதெல்லாம் குழாய் ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்கிறது. தாய்மாமன் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். “இந்த மோதிரத்தை ஊதினால் பறந்துவிடும் போலிருக்கிறதே” என்று பெரியம்மா சொல்லும்போது அவர் கையில் டீ கிளாஸ் அப்படியே நிற்கிறது.

குழந்தையை நடிக்க வைக்காதீர்கள். காதுகுத்துப் படத்துக்கே நாங்கள் துணியில் சுற்றிய தலையணையைத்தான் தாய்மாமன் மடியில் வைத்தோம். கேமரா அவர் முதுகுப் பக்கமே நின்றது. ஆடு, நாய், சேவலுக்கும் இதே விதி.

இரண்டாம் படி: கடிகாரத்தோடு நடந்து பாருங்கள்

வசனம் எழுதுவதற்கு முன் கதை நடக்கும் பாதையைக் கேமரா இல்லாமல் நடந்து, ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை வினாடி என்று குறியுங்கள். எங்களுக்குக் கூடத்திலிருந்து திண்ணை வழியாக டீக்கடைக்குப் போக 40 வினாடி ஆனது. நகைச்சுவைப் படத்தில் 40 வினாடி வெறும் நடை என்றால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார். எடிட்டர் இருந்தால் அதை வெட்டிவிடுவார். இங்கே அந்த இடத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

நாங்கள் நிரப்பியது குரலால். கேமரா வீட்டை விட்டு வெளியேறிய பிறகும் பெரியம்மாவின் பேச்சு தலைக்கு மேலே ஸ்பீக்கரில் தொடர்கிறது. தெருவில் கோலம் போடுகிறவர் கையை நிறுத்துகிறார், சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றுகிறார், எதிர்வீட்டுக் கிழவர் செருப்பைத் தேடுகிறார். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கூடத்துக் காட்சி அல்ல.

கேமரா பிடிப்பவர் பல இடங்களில் பின்னோக்கி நடக்க வேண்டியிருக்கும். அவருடைய பெல்ட்டைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு இழுப்பு என்றால் நில், இரண்டு என்றால் படி வருகிறது. முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி நடந்தால் கிம்பல் (கைப்பேசியை ஆடாமல் தாங்கும் கைப்பிடிக் கருவி) இல்லாமலும் ஓரளவு ஆட்டம் குறையும். இருந்தால் நல்லது, வாடகைக்கும் கிடைக்கும்.

மூன்றாம் படி: வெளிச்சம்

இருட்டான கூடத்திலிருந்து வெயிலுக்கு வந்தால் திரை ஒரு நொடி வெளுத்துப் போகும். அதனால் உச்சி வெயிலில் எடுக்க வேண்டாம். மாலை ஐந்தரைக்கு மேல் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஒரு மாலைக்கு இரண்டு முறைதான் எடுக்க முடியும், அதற்குள் இருட்டிவிடும். எங்கள் ஐந்து முறைக்கு மூன்று மாலை ஆனது.

டியூப் லைட் எரிகிற அறையில் படத்தில் வரிவரியாக ஓடுகிறதா? நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. விளக்கு 100 முறை மின்னுகிறது. கேமரா செட்டிங்கில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் நிறுத்தி, வினாடிக்கு 25 பிரேமில் எடுத்தால் வரிகள் போய்விடும்.

நான்காம் படி: கைப்பேசி

இதில் சொல்ல அதிகமில்லை. 1080 அளவில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு சுமார் 60 முதல் 130 எம்பி பிடிக்கும், இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஜூம் செய்யாதீர்கள். லென்ஸ் மாறும்போது படம் துள்ளும். விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு, நேரலைக்கு வேண்டிய வைஃபையை மட்டும் திறந்துவையுங்கள். இரண்டாவது முறை எடுக்கும்போது இதை மறந்தேன். ஆறாவது நிமிடத்தில், கடன் வேண்டுமா என்று ஓர் அழைப்பு வந்தது.

ஐந்தாம் படி: ஒலி

சிரிப்பு காதில்தான் பிறக்கிறது. படம் கொஞ்சம் மங்கினால் மன்னிப்பார்கள். வசனம் கேட்காவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது. காலரில் மாட்டும் வயர்லெஸ் மைக் இரண்டு போதும், முக்கியமாகப் பேசும் இருவருக்கு. எங்கள் ஊர் தேசிய நெடுஞ்சாலைக்குப் பக்கம். பெங்களூரு லாரிகளின் ஹாரன் எந்த மைக்கிலும் தப்பாமல் ஏறும். அதைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் கதையிலேயே சேர்த்துவிட்டோம்: ஹாரன் கேட்டால் யார் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்தி, “சத்தம் போகட்டும்” என்று கையைக் காட்ட வேண்டும். ஊரில் நாங்கள் தினமும் செய்வதுதான்.

மூன்றாவது முறையைக் கெடுத்தது ஸ்பீக்கர். மைக்கை ஏந்திக்கொண்டு மாமா அதன் முன்னால் போய்விட்டார். ஊளையிட்டது பாருங்கள், தென்னை மரத்துக் காக்கைகளெல்லாம் பறந்தன. ஸ்பீக்கரின் வாய் தெருவைப் பார்க்கட்டும், மைக் அதன் முதுகுப் பக்கமே இருக்கட்டும். ஒலிபெருக்கி வைக்கக் காவல் நிலையத்தில் அனுமதி எழுதி வாங்குங்கள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அதற்குத் தடை உண்டு.

ஆறாம் படி: தவறுக்கு ஒத்திகை

மற்ற படிகளில் சறுக்கினாலும் பரவாயில்லை, இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் சொற்பொழிவு, இரவெல்லாம் கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம். விடிய விடிய நடக்கிற கூத்தில் ‘மறுபடி எடுக்கலாம்’ என்று சொல்ல ஆள் இல்லை. ராஜா வேடத்துக்குக் கிரீடம் கட்ட நேரமாகிறதா, கட்டியங்காரன் இன்னும் பத்து நிமிடம் ஊர்க்கதை பேசுவான். பாடுகிறவருக்குத் தொண்டை அடைத்ததா, ‘ராஜா நேற்று மோர் குடித்தாரோ’ என்று கேட்டுவிட்டு அடுத்த அடியை அவனே பாடுவான். பிழையை மறைக்க மாட்டான், ஊருக்குக் காட்டிவிட்டுத்தான் கடப்பான்.

மாமா அதையே எங்களுக்கு ஒத்திகையாக வைத்தார். வசன ஒத்திகை நான்கு நாள் முடிந்ததும், ஐந்தாம் நாள் அவர் யாருக்கும் சொல்லாமல் ஒவ்வொன்றாகக் கெடுக்க ஆரம்பித்தார். மோதிரப் பெட்டியை ஒளித்துவைத்தார். கதவை வெளியே தாழிட்டார். நடுவில் மின்விசிறியை நிறுத்தினார். நடிப்பவர்கள் கதையை விட்டு வெளியே வராமல் சமாளிக்க வேண்டும். பெட்டியைக் காணாதபோது பெரியம்மா திகைத்து, “மோதிரம் நிஜமாகவே பறந்துவிட்டதே!” என்றார். நான் எழுதிய எந்த வரியையும் விட நன்றாக இருந்தது, அதையே படத்தில் வைத்துக்கொண்டோம்.

எல்லோருக்கும் ஒரு ‘மீட்பு வரி’ கொடுத்துவையுங்கள். யாருக்கு வசனம் மறந்தாலும் பக்கத்தில் இருப்பவர் “மாமனுக்குக் காபி கொடுத்தீர்களா?” என்று கேட்பார். அதற்கு எந்தப் பதிலும் பொருந்தும், அதற்குள் மறந்தது நினைவுக்கு வந்துவிடும். எங்கள் படத்தில் இந்தக் கேள்வி நான்கு முறை வருகிறது. அது திட்டமிட்ட நகைச்சுவை என்று நினைத்துப் பலர் பாராட்டினார்கள், நான் திருத்தவில்லை.

ஏழாம் படி: நேரலை

முதல் முயற்சியிலேயே நேரலை வேண்டாம். எடுத்துப் பழகிய பிறகு போங்கள். யூடியூபில் நேரலை வசதியை முதன்முறை திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். முந்தின நாளே திறந்துவையுங்கள். கேமரா வேறு, இணையம் வேறு கைப்பேசியாக இருக்கட்டும். இணையக் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒருவர் கூடவே நடக்க வேண்டும். நேரலை ஓடும்போதே கைப்பேசியிலும் பதிவாகிற செயலியைத் தேர்ந்தெடுத்தால், சிக்னல் அறுந்தாலும் படம் தப்பிக்கும்.

நேரலை, பெயருக்குத்தான் நேரலை. படம் திரைக்குப் போய்ச் சேரப் பத்து முதல் முப்பது வினாடி வரை பிடிக்கும். எங்களுக்குச் சுமார் இருபது. திடல் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மோதிர வசனத்துக்கு ஊர் சிரித்த சிரிப்பு எங்களுக்குக் கேட்டது, ஆனால் அதற்குள் நாங்கள் தாய்மாமன் கண் கலங்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். அவர் அழ ஆரம்பிக்க, ஊரே கொல்லென்று சிரிக்க, அவராலும் அடக்க முடியவில்லை. நான்காவது முறை போன கதை இது. மறுநாள் திரையைத் தெருவின் மறுகோடியில் உள்ள மாந்தோப்புக்கு மாற்றினோம்.

எட்டாம் படி: எப்போது நிறுத்துவது?

யாருக்காவது அடிபட்டால் நிறுத்துங்கள். கேமரா அணைந்தால் தானாகவே நின்றுவிடும். வேறெதற்கும் நிறுத்த வேண்டாம், கெட்டுப்போனது என்று தெரிந்தாலும் கடைசி வரை போங்கள். முடிவுக் காட்சிக்கு ஒத்திகை கிடைக்கும். எங்கள் முதல் மூன்று முறையும் பாதியில் நின்றதால், நான்காவது முறையில் கடைசி இரண்டு நிமிடத்தை யாரும் சரியாக நடிக்கவில்லை.

படம் முடிந்ததும் உடனே பொத்தானை அழுத்தாதீர்கள். பத்து வினாடி பொறுத்திருங்கள். ஐந்தாவது முறை நான் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, பெரியம்மா மாமாவைப் பார்த்து, “முடிந்ததா? புடவையை மாற்றிக்கொள்ளலாமா?” என்று கேட்டார். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. குழாய் ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்டது. இருபது வினாடி கழித்து, மாந்தோப்புப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது.