வயர்லெஸ் இயர்பட்ஸ்: மலிவு விலை போதுமா, நடுத்தர விலை தேவையா?

எந்த இடத்தில் இருந்துகொண்டு கேட்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டால், இயர்பட்ஸுக்கு எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். இந்தியச் சந்தையில் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை உள்ளவற்றை மலிவு வகை என்றும், 3,000 முதல் 8,000 ரூபாய் வரை உள்ளவற்றை நடுத்தர வகை என்றும் கொள்ளலாம். அமைதியான அறையில் கேட்கும்போது இவ்விரண்டுக்கும் உள்ள ஒலி வேறுபாடு பலர் எண்ணுவதைவிடக் குறைவு. மலிவு வகையில் பெரும்பாலும் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளைத் தூக்கி வைத்திருப்பார்கள்; கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்டால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் முழங்க, வயலினும் குரலும் அமுங்கிப்போவதை உணரலாம். இயர்பட்ஸுக்கான ஆப்பில், தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருந்தால் இக்குறையைப் பெருமளவு சரிசெய்துகொள்ளலாம். ஆகவே வீட்டில் பாட்டுக் கேட்கவும், இரவில் காணொளி பார்க்கவும் மட்டுமே வாங்குபவர் 2,000 ரூபாயைத் தாண்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நாள்தோறும் மின்சார ரயிலிலோ பேருந்திலோ போய்வருபவரின் தேவை வேறு. அவருக்கு வேண்டியது ஏ.என்.சி. எனப்படும் இரைச்சல் நீக்கம். வெளியிலிருந்து வரும் ஒலியை மைக் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உருவாக்கிக் காதுக்குள் அனுப்புவதால், எஞ்சின், ஏ.சி., மின்விசிறி போன்ற இடைவிடாத தாழ்ந்த இரைச்சல் பெரிதும் அடங்கிவிடும். ஹாரன் ஒலியும் பக்கத்து இருக்கையின் பேச்சும் அந்த அளவுக்கு அடங்குவதில்லை. மலிவு வகைப் பெட்டிகளில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் ஈ.என்.சி. என்பதை இதுவென்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது நாம் பேசும்போது நம்மைச் சுற்றியுள்ள சத்தம் மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்காமல் தடுப்பது. நம் காதுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஏ.என்.சி. இப்போது 2,000 ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது என்றாலும், அதை இயக்கியதும் பாட்டின் தன்மை மாறாமல் இருக்கிறதா, மெல்லிய ‘உஸ்’ ஒலி பின்னால் கேட்கிறதா என்று பார்த்தால், நடுத்தர வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பது புரியும்.

இதை வெறும் வசதியாக மட்டும் நான் பார்க்கவில்லை. இரைச்சல் மிகுந்த இடத்தில் நாம் அறியாமலே ஒலியைக் கூட்டிவிடுகிறோம். பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் பயணம் செய்பவர் நல்ல இரைச்சல் நீக்கத்துக்காக 2,000 ரூபாய் கூடுதலாகச் செலவிடுவது வீண்செலவே அல்ல.

எந்த விலையில் வாங்கினாலும், பெட்டிக்குள் இருக்கும் சிறிய, நடுத்தர, பெரிய ரப்பர் முனைகள் மூன்றையும் மாட்டிப் பார்க்க வேண்டும். காது சரியாக அடைபடாவிட்டால் பேஸும் கேட்காது, இரைச்சல் நீக்கமும் பலன் தராது. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதும் இல்லை.

வேலை நிமித்தமாக அதிகம் பேசுபவர் மைக்கை அவசியம் சோதிக்க வேண்டும். கடைக்கு வெளியே சாலையோரம் நின்று வீட்டுக்கு ஓர் அழைப்பு விடுத்து, குரல் எப்படி இருக்கிறது என்று மறுமுனையில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்; நம் காதால் அதை அறிய முடியாது. மடிக்கணினியோடும் கைப்பேசியோடும் ஒரே நேரத்தில் இணையும் வசதியும் இவர்களுக்கு மிகவும் உதவும்.

பெட்டியில் உள்ள மற்ற எண்களுக்கு அவ்வளவு மதிப்பளிக்கத் தேவையில்லை. டிரைவர் என்பது இயர்பட்ஸுக்குள் ஒலியெழுப்பும் சிறு ஸ்பீக்கர்; 13 மி.மீ. டிரைவர் 10 மி.மீ. டிரைவரைவிடச் சிறந்தது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. புளூடூத் வழியே பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்பும் எல்.டி.ஏ.சி. என்ற முறை நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் என்றாலும் ஐஃபோன் அதை ஏற்பதில்லை. ஐஃபோன் வைத்திருப்பவர் அதற்காகப் பணம் கொடுப்பது வீண். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் வியர்வையையும் தெறிக்கும் நீரையும் தாங்கும் என்று பொருள். உடற்பயிற்சிக்கு அது போதும்.

பேட்டரியைப் பற்றி மட்டும் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். விளம்பரத்தில் சொல்லப்படும் 40 மணி நேரம் என்பது சார்ஜிங் பெட்டியையும் சேர்த்த கணக்கு. ஒருமுறை காதில் வைத்தால் எத்தனை மணி நேரம் வரும் என்பதே நமக்குத் தேவை. இயர்பட்ஸுக்குள் இருக்கும் சிறு லித்தியம் பேட்டரி நாள்தோறும் சார்ஜ் ஏறி இறங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். அதைப் பிரித்து மாற்றுவது பெரும்பாலும் இயலாது. நான் வாங்கிய மலிவு விலை ஜோடி ஒன்றில், வாரண்டி முடிந்த சில மாதங்களில் இடது பக்கம் மட்டும் ஒரு மணி நேரத்தில் அணையத் தொடங்கியது. ஒற்றை இயர்பட் தனியாகக் கிடைக்காததால் நன்றாக இருந்த வலது பக்கத்தையும் சேர்த்தே கைவிட நேர்ந்தது. 6,000 ரூபாய் கொடுக்க நினைப்பவர் அதை மூன்று ஆண்டுகளால் வகுத்துப் பார்த்து, ஆண்டுக்கு 2,000 ரூபாய் மதிப்புக்கு அது உழைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தம் ஊரிலோ அருகிலுள்ள நகரத்திலோ அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, ஒரு பக்கத்தையோ சார்ஜிங் பெட்டியையோ மட்டும் தனியாக விற்கிறார்களா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும்.