சித்திரைப் பிறப்பை முதன்முறையாக வீட்டில் கொண்டாடப் போகிறீர்களா?

தனிக்குடித்தனம் வந்து, பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் வரும் முதல் சித்திரை கொஞ்சம் திகைப்பைத் தரும். செலவு அதிகமில்லை. ஒரு வாரம் முன்னால் தொடங்கினால் நிதானமாகச் செய்துவிடலாம்.

1. நாளைப் பாருங்கள்

சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதுதான் சித்திரைப் பிறப்பு. அந்த நேரம் சூரியன் மறைவதற்குள் வந்தால் அன்றே முதல் தேதி, பிறகு வந்தால் மறுநாள். இப்போதெல்லாம் பெரும்பாலும் ஏப்ரல் 14.

இரவும் பகலும் சமமாகும் நாளில்தானே சூரியன் மேஷத்துக்குள் நுழைய வேண்டும், அது மார்ச் 20 வாக்கிலேயே போய்விடுகிறதே என்று கேட்கலாம். பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் சமநாள் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை பின்னே போகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாகவே வந்தன. சங்கப் பாட்டான நெடுநல்வாடையும் ராசி வரிசையை ஆட்டிலிருந்துதான், அதாவது மேஷத்திலிருந்துதான் தொடங்குகிறது. அவ்வளவு பழைய கணக்கு இது.

ஆண்டுப்பிறப்பு தையா, சித்திரையா என்ற விவாதம் உண்டு. தை முதல் நாளே என்று 2008-இல் தமிழக அரசு சட்டம் போட்டது, 2011-இல் அது நீக்கப்பட்டது. நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, இளவேனில் பிறப்பது சித்திரையில்தான். அதற்காகவே கொண்டாடலாம் என்பது என் எண்ணம்.

2. வேப்பம்பூ சேருங்கள்

இது பச்சடிக்கு. பங்குனிக் கடைசியில் வேப்ப மரத்தடியில் இரவே ஒரு பழைய வேட்டியை விரித்து வையுங்கள். காலையில் உதிர்ந்திருக்கும் பூவை அள்ளி, காம்பையும் தூசியையும் புடைத்து நீக்கி, வெயிலில் காய வையுங்கள். சருகுபோல நொறுங்கினால் டப்பாவில் போடலாம். மிச்சம் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும்.

3. கனி வையுங்கள்

நெல்லை, குமரி, கோவைப் பக்கம் இது முக்கியம். முந்தின இரவு தாம்பாளத்தில் மா, வாழை, எலுமிச்சை, வெற்றிலை பாக்கு, பூ, அரிசி, காசு, இருந்தால் பொட்டுத் தங்கம் வைத்து, பின்னால் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஈழத் தமிழர் வீடுகளில் மூலிகை போட்டுக் காய்ச்சிய மருத்துநீர் வைத்துக் குளிப்பதும், பெரியவர்களிடம் கைவிசேஷம் என்ற புத்தாண்டுக் காசு வாங்குவதும் உண்டு.

4. பச்சடி

நடுத்தர மாங்காய் ஒன்றைத் தோலோடு நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், சிட்டிகை உப்புடன் வேகவிடுங்கள். நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லம். முன்னாலேயே போட்டால் மாங்காய் விறைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் வேகாது. அரை டம்ளர் பொடித்த வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றுங்கள். கெட்டியானதும் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டுங்கள். கடைசியாக ஒரு ஸ்பூன் வேப்பம்பூவை நெய்யில் சிவக்க வறுத்து, பரிமாறும்போது தூவுங்கள். கசப்பு வேண்டாமென்று பூவை விட்டுவிடாதீர்கள். மாங்காயும் வேப்பம்பூவும் ஒன்றாகக் கைக்கு வரும் பருவம் இது, பச்சடியின் பொருளே அதில்தான் இருக்கிறது.

5. பஞ்சாங்கம் படியுங்கள்

அறுபது ஆண்டுச் சுழற்சியில் இது என்ன ஆண்டு என்று பார்த்து, மழை, விளைச்சல் பலனை வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். 2026 ஏப்ரலில் பிறப்பது பராபவ. டெல்டாப் பக்கம் சித்திரையில் நல்லேர் பூட்டி முதல் உழவு உழுவார்கள். அந்த உழவருக்கு மழைப் பலன் சடங்கைத் தாண்டிய விஷயம்.

6. பௌர்ணமியையும் விடாதீர்கள்

முதல் நாளோடு சித்திரை முடிந்துவிடுவதில்லை. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து இந்திர விழா நடப்பது சித்திரை முழுநிலவில். மதுரையில் அழகர் வைகையில் இறங்குவதும் அப்போதுதான். முன்பு தேனூரில் நடந்த அந்த விழாவை, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றி மீனாட்சி கல்யாணத்தோடு இணைத்தார் என்பார்கள். போவதானால் முந்தின இரவே ஊருக்குள் போய்விடுங்கள். விடிகாலையில் கிளம்பினால் கரைக்குப் பக்கத்தில்கூட நெருங்க முடியாது.