பழைய சிஸ்டத்தில் புது கேம் ஓடுமா? காசு போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஐ7 பிராசசர், 16 ஜி.பி. ரேம், 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு. புது கேம் ஓடுமா?” மதுரையில் எந்தக் கம்ப்யூட்டர் கடையில் நின்றாலும் காதில் விழும் கேள்வி இது. இந்த மூன்று விவரத்தை மட்டும் வைத்து யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. ஆனாலும் பதில் கிடைத்துவிடுகிறது, அதை நம்பி ஐயாயிரம், பத்தாயிரம் என்று செலவும் ஆகிவிடுகிறது. ‘ஓடுமா’ என்பதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கேம் திறக்குமா? திறந்தால் விளையாடுகிற வேகத்தில் ஓடுமா? முதல் கேள்விக்கே ‘இல்லை’ என்றால், இரண்டாவதற்காக எந்தப் பாகமும் வாங்க வேண்டியதில்லை.

பெயரைப் பார்த்து முடிவு செய்வது

ஐ7 என்பது ஒரு வரிசையின் பெயர். 2011-இல் வந்த ஐ7-2600, 2022-இல் வந்த ஐ3-12100 இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் செய்கிற வேலையில் அந்த ஐ3 வெகுதூரம் முன்னால் நிற்கும். பார்க்க வேண்டியது கோடுக்கு அடுத்து வரும் எண்ணை. ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, ஐ5-4570 என்றால் நான்காம் தலைமுறை.

இந்த மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஏ.வி.எக்ஸ்.2 என்ற கட்டளைத் தொகுப்பு இன்டெல் சாதாரண பிராசசர்களில் 2013-இல், நான்காம் தலைமுறையோடுதான் வந்தது (அந்தத் தலைமுறை பென்டியம், செலரானில் அதுவும் கிடையாது). அதைக் கட்டாயமாகக் கேட்கிற கேமை இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ7-இல் திறந்தால், பல நேரம் எந்த அறிவிப்பும் இல்லாமல் டெஸ்க்டாப்புக்குத் திரும்பிவிடும். கார்டை மாற்றினாலும் தீராது. விலை குறைவாகக் கிடைக்கிற ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் சிஸ்டங்களில் இந்த இரண்டு தலைமுறைகளும் இன்னும் புழங்குகின்றன. வாங்கும் முன் எண்ணைக் கேளுங்கள்.

கார்டிலும் இதே கதைதான். 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’, 2025 மே மாதம் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ இரண்டும் ரே டிரேசிங் (ஒளியும் நிழலும் விழுவதை நிஜம்போலக் கணக்கிடும் முறை) வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கின்றன. குறைந்தபட்சமாக அவை குறிப்பிடும் என்விடியா கார்டு ஆர்.டி.எக்ஸ். 2060 சூப்பர். ஒரு காலத்தில் உச்சியில் இருந்த ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ.யில் 11 ஜி.பி. நினைவகம் இருக்கிறது, ஆனால் அந்த வன்பொருள் இல்லை. அதனால் வேகத்தைப் பற்றிப் பேச்சே எழாது. ‘வேகமான பழைய கார்டு’ என்று செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள், தாங்கள் விளையாட நினைக்கும் கேமின் தேவைப் பட்டியலில் ‘ரே டிரேசிங் கட்டாயம்’ என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு வருவதும் உண்டு. ஜி.டி. 1030-இல் ஜி.டி.டி.ஆர்.5 ரகம் நொடிக்கு 48 ஜி.பி. அளவு தரவை நகர்த்தும். டி.டி.ஆர்.4 ரகம் சுமார் 17 ஜி.பி.தான். ஜி.டி.எக்ஸ். 1060-இல் 3 ஜி.பி. ரகத்துக்கு நினைவகம் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் கோர்களும் குறைவு, 1,280-க்குப் பதில் 1,152தான்.

நினைவகத்தைத் தப்பாகப் படிப்பது

விண்டோஸ் தேடலில் டி.எக்ஸ்.டயாக் என்று அடித்து டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்தால், 2 ஜி.பி. கார்டுக்குக்கூடத் தோராய மொத்த நினைவகம் என்று 10 ஜி.பி. போலக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ‘8 ஜி.பி. கேட்கிறது, நம்மிடம் 10 இருக்கிறது’ என்று முடிவுகட்டுபவர்கள் பலர். அந்த எண்ணில் பெரும்பகுதி ரேமிலிருந்து கடன் வாங்கக்கூடிய அளவு. கணக்கில் எடுக்க வேண்டியது அதற்குக் கீழே ‘டிஸ்ப்ளே மெமரி’ என்று வரும் வரியைத்தான். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அதுவே ‘டெடிகேட்டட்’ என்று வரும்.

கார்டின் சொந்த நினைவகம் நிரம்பியதும் மீதி ரேமுக்குப் போகும், அங்கிருந்து மதர்போர்டு வழியாகத் திரும்பி வரும். அந்த வழி மிக மெதுவானது. அதனால்தான் சராசரியாக நொடிக்கு 45 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) காட்டினாலும் திரும்பும்போதெல்லாம் கேம் வெட்டி வெட்டி ஓடுகிறது. இதற்கு முதல் மருந்து டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படம்) தரத்தைக் குறைப்பது. நிழல், புல் தரங்களைக் குறைத்தால் கார்டின் வேலை குறையும், நினைவகம் அவ்வளவாகக் குறையாது.

குறைந்தபட்சத் தேவை என்ற வார்த்தையை நம்புவது

‘மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ்’ அறிவித்த குறைந்தபட்சத் தேவையின் அர்த்தத்தைப் பாருங்கள். கேம் 720பி அளவில் வரையப்பட்டு 1080பி-க்குப் பெரிதாக்கப்படும், தரம் எல்லாம் கடைசி நிலையில், நொடிக்கு 30 ஃபிரேம். இதைத்தான் ‘ஓடும்’ என்கிறார்கள். சிலருக்கு அது போதும், சிலருக்குப் போதாது. போதுமா என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். அந்த கேமுக்கும் ‘பிளாக் மித்: வூகாங்’ கேமுக்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில், வேகத்தைச் சோதிக்கும் இலவச பெஞ்ச்மார்க் கருவி இருக்கிறது. கருவி இல்லாத கேம் என்றால், ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். முதல் தடவை திறக்கும்போது ஷேடர் (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்) தயாராகிற நேரமும் அந்த 2 மணி நேரத்தில் சேரும். பழைய பிராசசரில் அதுவே வெகுநேரம் இழுக்கும், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேம் ஜெனரேஷன் இருக்கிறதே என்று நினைப்பதும் தவறு. நடுவில் போலி ஃபிரேம்களைச் செருகுவதால் படம் மென்மையாகத் தெரியும், கை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதம் குறையாது. 25 ஃபிரேமில் தள்ளாடுகிற சிஸ்டத்தில் அதைப் போட்டால் சேற்றில் நடப்பது போல இருக்கும். சொந்தமாக 60 பக்கம் ஓடுகிற சிஸ்டத்துக்குத்தான் அது உதவி.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்க்காமல் கார்டு வாங்குவது

இருப்பதிலேயே அதிகம் செலவு வைக்கிற தவறு இதுதான். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ். (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அதை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்று இருந்தால் 12 பெருக்கல் 16, மொத்தம் 192 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்த 192-இலிருந்துதான்.

இப்போது கணக்குப் போடுவோம். ஐ5-4570-க்கு 84 வாட், ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட், மதர்போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து சுமார் 50. மொத்தம் 266. அந்த எஸ்.எம்.பி.எஸ். கேம் திறந்த கொஞ்ச நேரத்தில் சிஸ்டத்தை அணைத்துவிடும். மோசமான நாளில் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். இந்த ஜோடிக்கு நல்ல கம்பெனியின் உண்மையான 450 வாட் போதும். மோலெக்ஸ் என்ற பழைய 4 பின் ஒயரை, கார்டுக்கான 8 பின்னாக மாற்றும் அடாப்டரை மட்டும் போட்டுவிடாதீர்கள். 8 பின் 150 வாட் வரை இழுக்க உரிமை உள்ள இணைப்பு. மெல்லிய ஒயர் அதில் சூடேறி உருகும்.

ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் சிஸ்டம் என்றால் இன்னொரு தடை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020, 9020 போன்றவற்றில் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பு வழக்கமான 24 பின் இல்லை, 8 பின். சாதாரண எஸ்.எம்.பி.எஸ். மாட்ட அதற்கென்று விற்கிற மாற்று ஒயர் வேண்டும். உயரம் குறைந்த பெட்டி என்றால் லோ புரொஃபைல் கார்டு தவிர எதுவும் உள்ளே போகாது. அங்கே 75 வாட்டுக்குள் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கிற கார்டுதான் வழி. ஆர்.டி.எக்ஸ். 3050-இன் 6 ஜி.பி. ரகம் 70 வாட், ரே டிரேசிங்கும் உண்டு. ஆனால் 8 ஜி.பி. கேட்கிற கேமில் டெக்ஸ்சரைக் குறைத்தாக வேண்டும். ஆர்.எக்ஸ். 6400, 6500 எக்ஸ்.டி. இரண்டும் மதர்போர்டோடு பேச நான்கே லேன் (தரவுப் பாதை) பயன்படுத்துபவை. பி.சி.ஐ.இ. 3.0 மதர்போர்டில் அந்தப் பாதையும் பாதியாகிவிடும், இருப்பதோ பெரும்பாலும் 4 ஜி.பி. நினைவகம். பழைய போர்டுக்கு இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

மதுரை வெயிலை மறப்பது

வெளிநாட்டு வீடியோவில் பார்த்த வெப்பநிலை ஏ.சி. அறையினுடையது. கத்திரி வெயிலில் இங்கே மாடி அறை 36, 38 டிகிரியில் இருக்கும். பிராசசர், கார்டு வெப்பமும் அதற்கேற்ப ஏறும். இன்டெல் பிராசசர்கள் பலவும் 100 டிகிரியைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடி அப்புறம் திணறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். சி.பி.யு. வைக்கிற கம்ப்யூட்டர் டேபிள் அறையின் பின்பக்கம் மூடியிருந்தால் முதலில் பெட்டியை வெளியே எடுத்து வையுங்கள். பிளோயரால் தூசி ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். பிராசசர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்தாலே வெப்பம் கணிசமாக இறங்கும். ஃபிரேமை 40 அல்லது 30-இல் கட்டிப்போடுவதும் நல்ல பலன் தரும்.

600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரும் அதிலேயே இருந்தால், கேம் ஓடும்போது கரண்ட் போனவுடன் மொத்தமாக அணையக்கூடும்.

காசில்லாமல் தீர்வதைக் கவனிக்காதது

புதிய கார்டு மாட்டியும் வேகம் ஏறவில்லை என்றால் மானிட்டர் ஒயர் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. ஓட்டையில் இருந்தால் படம் அந்த வழியாகத்தான் வருகிறது, கார்டின் ஓட்டைக்கு மாற்றுங்கள். ஒரே 16 ஜி.பி. ரேமைவிட இரண்டு 8 ஜி.பி. நல்லது. 3200 என்று வாங்கிய டி.டி.ஆர்.4 ரேம், பயாஸில் எக்ஸ்.எம்.பி. (ரேமை முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடாவிட்டால் பெரும்பாலும் 2133 அல்லது 2400-இல் கிடக்கும்.

எந்தப் பாகம் தடுக்கிறது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். கேமில் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறையுங்கள். ஃபிரேம் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. ஏறவே இல்லையென்றால் பிராசசரோ ரேமோ தடுக்கிறது, புதிய கார்டு வாங்கியும் பயனில்லை. ‘ஸ்டார்ஃபீல்டு’ போல எஸ்.எஸ்.டி.யைக் கட்டாயமாகக் கேட்கும் கேம்களுக்கு ஹார்டு டிஸ்க் ஒத்துவராது, சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. போதும்.

ஆன்லைன் கேம் என்றால் செக்யூர் பூட்டையும் (நம்பகமான மென்பொருளோடு மட்டுமே சிஸ்டத்தைத் தொடங்கவிடும் பாதுகாப்பு) பார்க்க வேண்டும். 2025 அக்டோபரில் வந்த ‘பேட்டில்ஃபீல்டு 6’ அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய பூட் முறையில்தான் வேலை செய்யும். பழைய சிஸ்டங்களிலோ விண்டோஸ் பெரும்பாலும் எம்.பி.ஆர். என்ற பழைய முறை டிஸ்கில் இருக்கும். முதலில் முக்கியமான ஃபைல்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸில் இருக்கும் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. கருவியால் டிஸ்கை மாற்றி, அதற்குப் பிறகுதான் பயாஸில் யு.இ.எஃப்.ஐ. முறைக்குப் போக வேண்டும். வரிசை மாறினால் விண்டோஸ் பூட் ஆகாது. யு.இ.எஃப்.ஐ. ஆதரவு இல்லாத மிகப் பழைய கார்டு என்றால் திரையே வராமலும் போகலாம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கும்போது கடையிலேயே ஜி.பி.யு.-இசட் திறந்து காட்டச் சொல்லுங்கள். பயாஸை மாற்றிப் பெயர் திருத்திய பல கார்டுகளை அது ‘ஃபேக்’ என்று பெயருக்கு முன்னால் போட்டே காட்டிவிடும். அதோடு இருபது நிமிஷம் ஏதாவது கேமை ஓட்டிப் பாருங்கள். திரையில் புள்ளியோ கோடோ வந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.