விளையாட்டு அரங்கில் வாக்குச்சாவடி: வாக்குப்பதிவைக் கூட்ட நினைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்து சங்கமான என்பிஏ, கொரோனா காரணமாகத் தன் ஆட்டங்களை நிறுத்திவைத்தது. அதன் பிறகு பல மாதங்கள் அந்நாட்டின் பெரிய அரங்குகள் பூட்டியே கிடந்தன. அதே ஆண்டு நவம்பர் 3 அன்று அதிபர் தேர்தல். வாக்காளர்கள் ஆறடி இடைவெளி விட்டு நிற்பதற்குப் பள்ளிக்கூட அறைகளும் தேவாலயக் கூடங்களும் போதவில்லை. வாக்குச்சாவடிப் பணியாளர்களோ பெரும்பாலும் முதியவர்கள். 2018ஆம் ஆண்டுக் கணக்குப்படி அவர்களில் ஏறத்தாழ 58 சதவீதத்தினர் 60 வயதைத் தாண்டியவர்கள். நோய்க்கு அஞ்சி அவர்களில் பலர் விலகிக்கொண்டனர்.

இந்த நிலையில்தான், விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகரில் ஒரு கறுப்பினத்தவரைக் காவலர் சுட்டதைக் கண்டித்து, அதே மாநிலத்தின் என்பிஏ அணியான மில்வாக்கி பக்ஸின் ஆட்டக்காரர்கள் ஆகஸ்ட் 26 அன்று ஆட்டத்துக்கு வர மறுத்தனர். அதன் தொடர்ச்சியாக, இரண்டு நாள் கழித்து என்பிஏ நிர்வாகமும் ஆட்டக்காரர்கள் சங்கமும் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. அணியே உரிமையாளராக இருந்து நிர்வகிக்கும் அரங்குகளை, உள்ளூர்த் தேர்தல் அதிகாரிகளுடன் பேசி வாக்களிக்கும் இடங்களாக மாற்றித் தருவதாக அவை உறுதியளித்தன. அட்லாண்டாவின் ஸ்டேட் ஃபார்ம் அரினா அதற்கு முன்பே, ஜூலையிலேயே, இந்தப் பணியைத் தொடங்கியிருந்தது. ஹூஸ்டனின் டொயோட்டா சென்டர், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் ஆகியவையும், பேஸ்பால் மைதானங்களான லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியம், பாஸ்டனின் ஃபென்வே பார்க் ஆகியவையும் அந்த இலையுதிர் காலத்தில் வாக்களிக்கும் இடங்களாயின.

அந்த அனுபவத்தை வைத்து, அரங்கைத் திறந்துவிட்டால் வாக்குப்பதிவு உயரும் என்று முடிவு கட்டுவோர் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. அரங்கு நல்ல கருவிதான்; ஆனால் ஏற்கெனவே இருக்கும் சாவடிகளோடு கூடுதலாக வரும்போது ஒரு விளைவையும், அவற்றுக்குப் பதிலாக வரும்போது நேர்மாறான விளைவையும் அது தரக்கூடும். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் விடுவதே, கீழே சொல்லப்போகும் தவறுகளில் முதன்மையானது.

2020 ஜூன் 23 அன்று கென்டக்கி மாநிலத்தில், கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் தொடக்கத் தேர்தல் நடந்தது. வழக்கமாக அங்கு 3,700 வாக்குச்சாவடிகள் இருக்கும். அன்று 200க்கும் குறைவானவையே இயங்கின. லூயிவில் நகரம் அமைந்துள்ள ஜெஃபர்சன் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பதிவுபெற்ற வாக்காளர்கள் 6 லட்சத்துக்கும் மேல்; தேர்தல் நாளன்று அவர்கள் அனைவருக்கும் கண்காட்சி வளாகம் ஒன்று மட்டுமே சாவடி. லெக்சிங்டனில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானமான குரோகர் ஃபீல்டு ஒன்றே அந்தக் கவுன்டி முழுவதற்குமான சாவடி. அங்கு வரிசையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. லூயிவில்லில் உள்ளே இடத்துக்குக் குறைவில்லை, வரிசையும் வேகமாகவே நகர்ந்தது. ஆனால் வாகன நிறுத்தத்துக்குள் நுழைவதே பெரும்பாடாகிவிட்டது. மாலை 6 மணிக்குக் கதவைப் பூட்டியபோது, வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தவர்கள் கண்ணாடிக் கதவுகளைத் தட்டிக்கொண்டு நின்றனர். நீதிமன்ற உத்தரவு வந்த பிறகே கதவு மீண்டும் திறக்கப்பட்டு 6.30 வரை வந்தவர்கள் அனுமதிக்கப்பட்டனர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தத் தொடக்கத் தேர்தலில் கென்டக்கியில் அதுவரை இல்லாத அளவுக்கு வாக்குகள் பதிவாயின. அந்த எண்ணிக்கையைக் காட்டி, ஒரே ஒரு பெரிய இடம் போதும் என்று வாதிட முடியும், வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த வாக்குகளில் பெரும்பகுதி அஞ்சலில் வந்தவை. அந்தத் தேர்தலில் எல்லா வாக்காளர்களும் காரணம் காட்டாமலே அஞ்சல் வாக்கு கேட்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டிருந்தது. அஞ்சல் வழி திறந்திருந்ததால் ஏற்பட்ட உயர்வை மைதானத்தின் கணக்கில் எழுதுவது பிழை. வீட்டு முகவரி நிலையில்லாதவர், அஞ்சல் வாக்கு உரிய நேரத்தில் வந்து சேராதவர், வண்டி இல்லாதவர் ஆகியோருக்கு அந்த ஒற்றைக் கதவு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதை மொத்த எண்ணிக்கை காட்டாது.

தொலைவு எவ்வளவு கனமானது என்பதற்கு நல்ல ஆய்வுகள் உள்ளன. 2003ஆம் ஆண்டு கலிபோர்னியா ஆளுநரைத் திரும்ப அழைக்கும் தேர்தலில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி தன் சாவடிகள் பலவற்றை ஒன்றிணைத்தது. ஹென்றி பிரேடி, ஜான் மெக்நல்டி ஆகிய இருவரும் அதை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவின்படி, சாவடி மாற்றப்பட்டவர்களிடையே நேரில் வாக்களிப்பது ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. அதில் ஒரு பகுதியை மட்டும் அஞ்சல் வாக்கு ஈடுசெய்தது. நிகரமாக இரண்டு புள்ளிகளுக்குச் சற்றுக் குறைவான இழப்பு மிஞ்சியது. 2020 ஏப்ரல் 7 அன்று மில்வாக்கி நகரம் வழக்கமான 180 சாவடிகளுக்குப் பதிலாக ஐந்தை மட்டும் திறந்தபோது விளைவு இன்னும் கடுமையாக இருந்தது. சுற்றியுள்ள புறநகர்களின் ஒத்த வாக்காளர்களோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு, நகரத்தின் வாக்குப்பதிவு எட்டுப் புள்ளிகளுக்கும் மேல் குறைந்ததாகவும், கறுப்பின வாக்காளர்களிடையே சரிவு அதைவிடப் பெரியது என்றும் கண்டது. அந்த ஐந்தும் அரங்குகள் அல்ல, பள்ளிகள். ஆனால் நூற்றுக்கணக்கான சாவடிகளை மூடிவிட்டு ஒரே அரங்கைத் திறக்கும் எவரும் செய்வது இதே கணக்கைத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கொலராடோவின் லாரிமர் கவுன்டி 2003இல் 143 சாவடிகளைக் கைவிட்டு, யாரும் எங்கும் வாக்களிக்கக்கூடிய 22 பெரிய மையங்களை அமைத்தது. ராபர்ட் ஸ்டைன், கிரெக் வொன்னாமே ஆகியோர் செய்த ஆய்வு, அங்கு வாக்குப்பதிவு உயர்ந்ததையும், வழக்கமாக வாக்களிக்காதவர்களிடம் அந்த உயர்வு கூடுதலாக இருந்ததையும் காட்டியது. அங்கு வாக்காளர் தன் வீட்டுக்கு அருகிலும் வாக்களிக்கலாம், வேலைக்குப் போகும் வழியிலும் வாக்களிக்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் 2003இல் அந்தத் தெரிவு இல்லை. பழைய இடம் போய்ப் புதிய இடம் ஒன்று வந்தது, அவ்வளவே. அரங்கைத் திறக்கும் அதிகாரி முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது வாக்காளருக்கு இன்னொரு வழியா, அல்லது மிச்சமிருக்கும் ஒரே வழியா?

அடுத்த தவறு கணக்கில் நேர்வது. ஸ்டேட் ஃபார்ம் அரினாவில் 2020 அக்டோபரில், தேர்தல் நாளுக்கு முன்பே நடக்கும் முன்கூட்டிய வாக்குப்பதிவில், ஏறத்தாழ 40,000 பேர் வாக்களித்தார்கள். அணியின் செய்திக்குறிப்பும் ஊடகத் தலைப்பும் இந்த எண்ணைத்தான் எடுத்துச் சொல்லும். ஆனால் அங்கு வந்தவர்களில் அரங்கு இல்லாவிட்டால் வாக்களித்திருக்கவே மாட்டார்கள் என்று சொல்லத்தக்கவர் எத்தனை பேர், பக்கத்து நூலகத்துக்குப் போயிருக்கக்கூடியவர் எத்தனை பேர் என்பது அந்த எண்ணில் இல்லை. வாக்குப்பதிவு உயர்வு என்பது முன்னவரின் எண்ணிக்கை மட்டுமே. மேலும் 2020இல் நாடு முழுவதும் தகுதியுள்ளோரில் மூன்றில் இருவர் வாக்களித்தார்கள். 1900க்குப் பிறகு அதுவே உச்சம். அரங்கே இல்லாத கவுன்டிகளிலும் வாக்குப்பதிவு உயர்ந்த ஆண்டு அது. கலிபோர்னியாவில் பதிவுபெற்ற அனைவருக்கும் அஞ்சல் வாக்குச்சீட்டு வீடு தேடி வந்தது. எனவே டாட்ஜர் ஸ்டேடியத்தின் பங்கைத் தனியே பிரித்தெடுப்பது அங்கு இன்னும் கடினம். 2016இன் சதவீதத்தையும் 2020இன் சதவீதத்தையும் அருகருகே வைத்து நடுவில் அரங்கின் படத்தைப் போடுவது சான்றாகாது. அரங்குக்கு அருகிலிருக்கும் பகுதிகளையும், அவற்றை ஒத்த மக்கள்தொகை கொண்ட தொலைவான பகுதிகளையும் எடுத்து, முந்தைய தேர்தல்களில் வாக்களிக்காதவர்கள் எந்தப் பக்கத்தில் கூடுதலாக வந்தார்கள் என்று பார்ப்பதே முறை.

முன்கூட்டிய வாக்குப்பதிவுக்காக மட்டும் அரங்கைத் திறப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பாரி பர்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டிய வாக்குப்பதிவைத் தனியாக அறிமுகப்படுத்திய இடங்களில் வாக்குப்பதிவு கூடவில்லை, குறைந்தது. வாக்களிக்கப் போவதென்று முன்பே உறுதியாக இருந்தவர்களுக்கு அது வசதியானது. தேர்தல் நாளின் பரபரப்பு பல நாட்களுக்குச் சிதறியதால் தயங்கிக்கொண்டிருந்தவர்களை இழுக்கும் விசை தளர்ந்தது.

இனி, அரங்குக்குள் நேரும் தவறு. 18,000 இருக்கைகள் கொண்ட கட்டடத்தைப் பார்த்ததும் அதன் கொள்ளளவு மனதில் பதிந்துவிடுகிறது. வாக்களிப்பைப் பொறுத்தவரை இருக்கைக்கு வேலையே இல்லை. பெயரைச் சரிபார்க்கும் மேசைகள் எத்தனை, அவற்றில் எத்தனை பணியாளர், ஒருவருக்கு எத்தனை நிமிடம் என்பவையே வரிசையின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. அட்லாண்டா அரங்கில் 300 வாக்குப்பதிவு இயந்திரங்கள் இருந்தன. ஆனால் அக்டோபர் 12 காலை, முதல் நாளே, பெயர் சரிபார்க்கும் கருவிகளில் கோளாறு ஏற்பட்டு அவற்றையெல்லாம் நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டியிருந்தது. அதுவரை 300 இயந்திரங்களும் ஆளின்றி நின்றன, ஆட்கள் வெளியே நின்றனர். சிறிய சாவடியில் கோளாறு நேர்ந்தால் சில நூறு பேர் காத்திருப்பார்கள்; அரங்கில் நேர்ந்தால் ஒரு நகரமே காத்திருக்கும். எனவே அச்சிட்ட வாக்காளர் பட்டியலோ மாற்றுக் கருவியோ கையிருப்பில் இல்லாமல் அரங்கைத் திறக்கக் கூடாது. அட்லாண்டா அரங்கு தன் ஊழியர்கள் நூற்றுக்கணக்கானோரைத் தேர்தல் பணிக்குப் பயிற்றுவித்துத் தந்ததை இங்கே பாராட்டாமல் இருக்க முடியாது. பணியாளர் பஞ்சத்தில் தவித்த ஒரு கவுன்டிக்கு இடத்தைவிட அந்த ஆட்களே பெரிய கொடை.

சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் விலை உயர்ந்த தவறு. மில்வாக்கியில் பக்ஸ் அணியின் அரங்கான ஃபைசர்வ் ஃபோரம், பேஸ்பால் மைதானமான மில்லர் பார்க் ஆகிய இரண்டையும் முன்கூட்டிய வாக்குப்பதிவுக்குத் திறப்பதாக நகரம் அறிவித்தது. ஆனால் இத்தகைய இடங்களை எந்தத் தேதிக்குள் தீர்மானிக்க வேண்டும் என்று விஸ்கான்சின் சட்டம் வரையறுத்திருந்ததால், அங்கு பதிவாகும் வாக்குகள் வழக்கில் சிக்கிவிடும் என்ற அச்சத்தில் நகரமே பின்வாங்கியது. போராட்டத்தைத் தொடங்கிய அணியின் சொந்த அரங்கே இவ்வாறு விடுபட்டுப்போனது வருத்தத்துக்குரியது. ஹூஸ்டனில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. ஹாரிஸ் கவுன்டி, காரில் அமர்ந்தபடியே வாக்களிக்கப் பத்து இடங்களை அமைத்தது. முன்கூட்டிய வாக்குப்பதிவின்போது அவற்றில் ஏறத்தாழ 1,27,000 பேர் வாக்களித்தனர். அவற்றைச் செல்லாதவையாக்கக் கோரிய வழக்கு தள்ளுபடியானாலும், தேர்தல் நாளன்று வாக்குப்பதிவு கட்டடத்துக்குள்தான் நடக்க வேண்டும் என்ற விதியை நீதிபதி சுட்டிக்காட்டினார். கூடாரத்தில் இயங்கிய ஒன்பது இடங்களையும் கவுன்டி மூடிவிட்டு, டொயோட்டா சென்டரை மட்டும் திறந்துவைத்தது.

யார் எங்கு வாக்களிக்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் விடுவதால், வாக்களிக்கக் கிளம்பி வந்தவரையே இழக்க நேரிடும். அட்லாண்டா நகரின் கிழக்கே ஒரு பகுதி டீகால்ப் கவுன்டியைச் சேர்ந்தது; அரங்கோ ஃபுல்டன் கவுன்டியின் மையம். நகரவாசி என்பதால் மட்டும் அங்கு வாக்களிக்க முடியாது. ஃபுல்டன் வாக்காளரே ஆனாலும், 2020 அக்டோபரில் அரங்கில் வாக்களிக்க முடிந்தது, நவம்பர் 3 அன்று தனக்குரிய சாவடிக்குத்தான் போக வேண்டியிருந்தது. நியூயார்க்கில் முன்கூட்டிய வாக்குப்பதிவுக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டதால், மேடிசன் ஸ்கொயர் கார்டன் சுற்றுவட்டார மக்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பாஸ்டனிலோ நகரின் எந்த வாக்காளரும் ஃபென்வே பார்க்குக்கு வர முடிந்தது. பட்டியலில் உள்ள சாவடியில் மட்டுமே வாக்களித்துப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றலாம். அமெரிக்கர்களுக்கும் மாநிலத்துக்கு மாநிலம் இது குழப்பமே. புகழ்பெற்ற ஆட்டக்காரர் விளம்பரத்தில் வந்து அரங்குக்கு அழைக்கும்போது, யாருக்கு, எந்தெந்த நாட்களில் என்ற இரண்டு வரிகளும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

வாக்களிப்பையும் வாக்கு எண்ணிக்கையையும் ஒரே அரங்கில் வைத்தால், என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டியே மக்களுக்கு விளக்கிவிட வேண்டும். ஸ்டேட் ஃபார்ம் அரினாவில் நவம்பர் 3 காலை ஏற்பட்ட ஒரு நீர்க்கசிவும், இரவில் பதிவான கண்காணிப்புக் காட்சியும் மோசடிக் குற்றச்சாட்டாகத் திரிக்கப்பட்டன. அந்தக் குற்றச்சாட்டுகள் ஆதாரமற்றவை என்று கண்ட ஜார்ஜியா மாநில விசாரணை 2023இல் முறைப்படி முடித்துவைக்கப்பட்டது. அதற்குள் அங்கு உழைத்த சாதாரணப் பணியாளர்கள் பட்ட துன்பம் மிகப் பெரிது.

கடைசியாக நாட்காட்டி. 2020இல் அரங்குகள் காலியாகக் கிடந்ததால் இடம் எளிதில் கிடைத்தது. வழக்கமான ஆண்டில் என்பிஏ பருவம் அக்டோபரில் தொடங்கிவிடும். ஐஸ் ஹாக்கியும் இசை நிகழ்ச்சிகளும் அதே தளத்துக்குப் போட்டியிடும். 2022இல் என்பிஏ தேர்தல் நாளான நவம்பர் 8 அன்று ஆட்டமே வைக்கவில்லை. ஆனால் அது விடுவித்தது ஒரே ஒரு நாளை. ஜார்ஜியாவில் முன்கூட்டிய வாக்குப்பதிவு மூன்று வாரம் நீடிக்கும். அந்த மூன்று வாரத்தில் எந்தெந்த மாலை ஆட்டம், மேசைகளையும் இயந்திரங்களையும் எங்கே பூட்டிவைப்பது, காவலுக்கு யார், ரசிகர்களின் வண்டிகள் நிறைந்த நிறுத்தத்தில் வாக்காளருக்கு எந்த வாசல் என்பவை அரங்கோடு போடும் ஒப்பந்தத்திலேயே தேதிவாரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.